எண்பது சீட்டுக்குக் கீழே

உக்காருங்க தம்பி, இந்த சீட்டு காலிதான். பையை மடியில வச்சுக்கிறேன், உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா கால்தான் வலிக்கும், இந்த பஸ் இப்போதைக்கு எங்கயும் போகாது. போற எடம் அந்தா தெரியுது பாருங்க, வெள்ளை வால், நீலக் கோடு. அதுதான் நம்ம விமானம். படிக்கட்டு வச்சாச்சு, பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. ஆனா நம்மள எறக்க மாட்டான். டிரைவர்கிட்ட கேட்டா எண்ணெய் போடுறாங்கங்கிறாரு. எண்ணெய் வண்டி போயி கால் மணி நேரம் ஆச்சு, நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஓட்டுறதுக்கு ஆள் வரல. அதான் சங்கதி.

எனக்கு எப்படித் தெரியும்னா, முப்பத்தெட்டு வருஷம் இதை ஓட்டுனவன் நான். இதைன்னா இதை இல்ல. நான் ஓட்டுனது பெரிய விமானம். மாசிலாமணின்னு பேரு, கேப்டன் மாசிலாமணி. ரிட்டையர் ஆயி ஒண்ணரை வருஷம் ஆச்சு. இப்ப இந்த விமானத்த ஓட்டுற கம்பெனிக்கு ஆலோசகர், இதோ கழுத்துல அட்டை. இருந்தும் பாருங்க, ஆலோசகரும் உங்களோட சேர்ந்து இந்த வெயில்ல வேக வேண்டியிருக்கு.

தூத்துக்குடி சொந்த ஊரா, வேலையா? கப்பல் ஏஜென்சியா, சரி சரி. அப்ப உங்களுக்கு இது சட்டுனு புரியும். கப்பல்ல கொடி ஒரு நாட்டோடது, முதலாளி ஒரு நாட்டுக்காரன், ஓட்டுறவன் இன்னொரு நாட்டுக்காரன்னு சொல்வாங்கல்ல? அதே கதைதான் இங்கயும். அந்த வால்ல எழுதியிருக்கே பேரு, அது என்னோட பழைய கம்பெனி. உங்களுக்கு டிக்கெட் வித்தது அவங்க. ஆனா விமானம் வேற ஆளோடது, பைலட்டும் அந்த ஆளோட பைலட்டு. சின்ன ஊருக்குப் போற விமானத்த எல்லாம் வெளிய ஒப்பந்தத்துக்கு விட்டுட்டாங்க. உள்ள போயி உக்காந்தா உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதே கலர் சீட்டு, அதே மிட்டாய்.

நான் எதுக்குப் போறேன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். ஒருத்தன் பொழப்பைக் காப்பாத்தப் போறேன்.

ரெமிஜியஸ்னு ஒரு பைலட். ரெமின்னுதான் கூப்பிடுவோம். உங்க தூத்துக்குடிக்காரன்தான், மாதா கோவில் பக்கத்துல வீடு. இந்த ஒப்பந்தக் கம்பெனியில கேப்டன். ரெண்டு வாரமா சஸ்பெண்ட் ஆகி வீட்ல கெடக்கான். இந்தப் பையில ஒரு கவர் வச்சிருக்கேன், அதுல ஒரு கடுதாசி. அதுல கையெழுத்து போட்டான்னா திங்கக்கிழமை வேலைக்கு வரலாம். போடலைன்னா வேலை போச்சு. அப்புறம் எந்தக் கம்பெனியும் அவனைச் சேத்துக்காது, தொழிலுக்குள்ள பேரு அப்படி ஆயிரும். முப்பத்தாறு வயசு, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. விமானம் ஓட்டுறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. எங்கள்ல யாருக்கும் தெரியாது.

காலைலேர்ந்து ஆறு தடவை போன் போட்டுட்டேன். எடுக்கல. என்னோட போனை எடுக்க மாட்டேங்குறான் தம்பி! பக்கத்துல உக்கார வச்சு அவனுக்குத் தொழில் கத்துக்குடுத்தவன் நான். அவன் கல்யாணத்துக்கு மொத வரிசையில உக்காந்தவன். மரியாதைன்னு ஒண்ணு வேணுமா இல்லையா?

என்ன பண்ணான்னு கேளுங்க. போன மாசம் பதினாலாம் தேதி, மத்தியானம், இதே சென்னை ஏர்போர்ட், இதே தூத்துக்குடிக்குப் போற விமானம். எழுவத்து நாலு பேரு ஏறி பெல்ட்டும் போட்டாச்சு. இவன் காக்பிட்லேர்ந்து எந்திரிச்சு வந்து, நான் களைச்சுப் போயிருக்கேன், இந்த நெலமையில பறக்க மாட்டேன்னு சொல்லிட்டு எறங்கிட்டான். எல்லாரையும் திருப்பி எறக்கி, ரெண்டு மணி நேரம் கழிச்சு வேற ஆளைப் புடிச்சு அனுப்புனாங்க. அதுல ஒரு அம்மா, கூடப் பொறந்தவர் சாவுக்குப் போறவங்க. போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்களாம். அதைக் கேட்டப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?

களைப்புதான், இல்லைங்கல. விடிகாலைல வந்து திருச்சி போய் வந்தான், மதுரை போய் வந்தான், அடுத்து தூத்துக்குடி போய் வரணும். நாலு நாளா அதே மாதிரி. ஆனா ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஓட்டலாம்னு சட்டம் சொல்ற நேரம் அவனுக்கு இன்னும் மிச்சம் இருந்துச்சு தம்பி. நானே கூட்டிப் பாத்தேன். போய்ட்டுத் திரும்பி வந்தாலும் இருபது நிமிஷம் மிச்சம். அப்புறம் என்ன?

முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் நான் களைப்புன்னு சொன்னதில்ல. ஒரு நாள் கூட சொன்னதில்ல.

அதைவிட எனக்கு என்ன வருத்தம்னா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பைலட்டுங்க வந்து கையெழுத்துப் போடுற ரூம்ல போர்டு இருக்கு. அதுல என் நம்பரை என் கையால எழுதிப் போட்டிருக்கேன். "முடியலைன்னா மொதல்ல என்னைக் கூப்பிடுங்க, எந்த நேரமா இருந்தாலும் சரி, மாசிலாமணி." இப்படி எழுதிப்போட்ட ஆலோசகர் வேற எந்தக் கம்பெனியிலயாவது உண்டா? ஒரு வார்த்தை கேக்காம எறங்கிட்டான். அதான் என் வருத்தம்.

இந்தாங்க, கடுதாசியை வேணா பாருங்க. நான் எழுதுனதுதான். "போதிய காரணம் இல்லாமல் விமானத்தை இயக்க மறுத்தேன். என் செயலுக்கு வருந்துகிறேன்." அவ்வளவுதான், ரெண்டு வரி. கம்பெனிக்காரங்க ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருந்தாங்க, நான்தான் சண்டை போட்டுக் கொறைச்சேன். கீழ அவன் கையெழுத்து, அதுக்குக் கீழ சாட்சி.

ஆமா, சாட்சி நான்தான். அது நேத்தே போட்டுட்டேன். இல்ல தம்பி, அவன் போடுறதுக்கு முன்னாடி சாட்சி போட்டா என்ன? போடத்தான போறான். அங்க போயி நேரத்தை வீணாக்க வேண்டாம்னு பாத்தேன். எங்க தொழில்ல அப்படிச் செய்யக் கூடாதுதான். பறக்குறதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் வச்சு ஒவ்வொண்ணா சரி பாப்போம், கண்ணால பாக்காம டிக் போட்டா அதுக்குத் தண்டனை உண்டு. நானே ரெண்டு பேரை அதுக்காக ஒரு மாசம் வீட்ல உக்கார வச்சிருக்கேன். ஆனா அது வேற, இது வேற. குடுங்க, உள்ள வச்சுர்றேன்.

இந்தக் காலத்துப் பசங்களுக்குக் களைப்புன்னா என்னன்னு தெரியாது தம்பி. ஆவ்ரோவை ஓட்டியிருக்கணும். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நான் சேர்ந்த புதுசுல அதுலதான் போட்டாங்க. நாப்பத்தெட்டு சீட்டு, ரெண்டு பக்கமும் காத்தாடி. கீழ நிக்கிறப்ப உள்ள ஏசி வேலை செய்யாது, மே மாசத்துல இட்லிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரிதான் இருக்கும். வெயில் ஏறுனா எஞ்சினுக்கு வலு பத்தாது, தண்ணியையும் மெத்தனாலையும் கலந்து உள்ள ஊத்திக் கெளப்புவோம். மழை பெஞ்சா ஜன்னல் ஓரத்துலேர்ந்து முழங்கால்ல சொட்டும். பேப்பரை மடிச்சுக் கால் மேல போட்டுக்கிட்டு ஓட்டுவோம். சொட்டுற எடத்தை வச்சே இது எந்த விமானம்னு சொல்லிருவேன். 

அதுக்கப்புறம் பழைய போயிங்கு. அது விமானம்! மெலிசா ரெண்டு எஞ்சின், சத்தம் ஊரையே எழுப்பும். நடுவுல விமானத்தோட மூக்கை ஏத்தி எறக்க ஒரு கறுப்புச் சக்கரம், தானாச் சுத்தும், அசந்தா முழங்கால்ல அடிக்கும். இந்தா பாருங்க, தழும்பு. இப்ப எல்லாம் கம்ப்யூட்டரு. அதுக கிட்ட அந்த உயிரு கெடையாது. என்ன பாக்குறீங்க, கிழவன் ஆரம்பிச்சுட்டான்னா? நாங்க நாலு பைலட்டு சேர்ந்தா இதைத்தான் பேசுவோம். எங்க வீட்டம்மா எந்திரிச்சு உள்ள போயிருவா.

ஆனா அந்த ஆவ்ரோதான் எல்லாத்துக்கும் காரணம். எப்படின்னு சொல்றேன்.

எட்டு ஒம்பது வருஷம் இருக்கும். கம்பெனி எங்களைக் கூப்பிட்டு, சின்ன ஊருங்களுக்கு நாம ஓட்டிக் கட்டுப்படியாகல, சின்ன ஜெட்டா வாங்கி வேற ஆளு ஓட்டட்டும், பேரு மட்டும் நம்மளோடதா இருக்கட்டும்னாங்க. பைலட்டு சங்கம் ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டாத்தான் அதைச் செய்ய முடியும். அப்ப சங்கத்துக்குத் தலைவர் நான். இந்தா, ஏர்போர்ட் எதுத்தாப்புல ஒரு ஓட்டல் மாடியில கூட்டம் போட்டோம். அப்படி ஒரு கூட்டம் நான் பாத்ததில்ல. சீனியருங்க எல்லாம் முன்னாடி, சின்னப் பசங்க எல்லாம் பின்னாடி. பின்னாடி இருக்குறவங்க கத்துறாங்க, முன்னாடி இருக்குறவங்க திரும்பிக் கூடப் பாக்கல.

எங்களுக்கு நம்பர் உண்டு தம்பி. சேர்ந்த தேதி வரிசையில ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நம்பர். பெரிய விமானம், நல்ல ரூட்டு, லீவு, எல்லாம் அந்த நம்பர்படிதான். ஆளைக் கொறைச்சா அடியிலேர்ந்து கொறைப்பாங்க. என் நம்பர் பதினொண்ணு. ரெமி கடைசிலேர்ந்து நாலாவது. 

நான் மேடையில சொன்னேன், ஒப்பந்தத்துக்கு விடுறதை நம்மால தடுக்க முடியாது, ஆனா வேலி போட முடியும். எண்பது சீட்டுக்குக் கீழ உள்ளது அவங்களுக்கு, எண்பதும் அதுக்கு மேலயும் நமக்குன்னு எழுதி வாங்கிருவோம். அதுக்குப் பதிலா சீனியருங்களுக்குப் பெரிய விமானம், கடல் தாண்டிப் போற ரூட்டு. எல்லாரும் கை தட்டுனாங்க. முன்னாடி உக்காந்திருந்தவங்க எல்லாரும்.

சதக்குன்னு ஒரு கேப்டன், காயல்பட்டினத்துக்காரர். சதக் பாய்னுதான் கூப்பிடுவோம். அவரு மட்டும் எந்திரிச்சாரு. "மாசிலாமணி, சீட்டை எண்ணி எழுதாதீங்க. சீட்டைக் கழட்டலாம், மாட்டலாம். நம்ம பேரு எழுதுன விமானத்த நம்ம பைலட்டுதான் ஓட்டணும்னு எழுதுங்க. அவ்வளவு போதும்"ன்னாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாய், எண்பது சீட்டுக்குக் கீழ உள்ளதுன்னா ஆவ்ரோ. மழை சொட்டுற வண்டி. அதை எவனோ ஓட்டிட்டுப் போறான், உமக்கு என்ன?"ன்னேன். மண்டபமே சிரிச்சுது. பாய் உக்காந்துட்டாரு.

தப்பு என்னன்னா தம்பி, என் மனசுல சின்ன விமானம்னா ஆவ்ரோதான். நாப்பத்தெட்டு சீட்டு. எண்பதுன்னு எழுதுறப்ப நான் தாராளமா எழுதுறதா நெனைச்சேன். ஒரு வருஷத்துல புது ஜெட்டு வந்து எறங்குச்சு. பளபளன்னு, வேகத்துல என் விமானத்துக்குச் சமமா. எழுவத்தெட்டு சீட்டு. எழுவத்தெட்டு! திருச்சி போச்சு, மதுரை போச்சு, தூத்துக்குடி, மங்களூரு, விசாகப்பட்டினம், எல்லாம் அதுக்குப் போயிருச்சு. எங்க கம்பெனியில அடியிலேர்ந்து ஆளைக் கொறைச்சாங்க. நான் யாரையும் அனுப்பல, பாத்துக்கோங்க. கம்பெனி அனுப்புச்சு. ரெமிக்கு இந்த ஒப்பந்தக் கம்பெனியில நான்தான் பேசி எடம் வாங்கிக் குடுத்தேன். அதே ஊரு, அதே வானம், அதே பேரு எழுதுன வாலு. சம்பளம் பாதி, ஓட்டம் ரெட்டிப்பு, அது வேற விஷயம். நான் அந்த வருஷம் லண்டன் ரூட்டுக்குப் போயிட்டேன், இங்க நடந்ததெல்லாம் அவ்வளவா தெரியாது.

சின்னப் பசங்க எல்லாம் எதுத்துத்தான் ஓட்டுப் போட்டாங்க. ரெமி மட்டும் எனக்குக் கை தூக்குனான். பின் வரிசையில அவன் கை ஒண்ணுதான் மேல இருந்துச்சு, எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. முந்தின நாள் போன்ல சொல்லியிருந்தேன், எனக்குக் கை தூக்கு, உன்னை நான் பாத்துக்கிறேன்னு. சரி சார்ன்னான். வேற ஒண்ணும் கேக்கல. அவனுக்கு என் மேல ஒரு நம்பிக்கை. ஏன்னா எங்களுக்குள்ள பழைய கணக்கு ஒண்ணு உண்டு. 

என்ன கணக்கா? அது எதுக்கு இப்ப. டிரைவர் சார், ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்க, அந்தக் குழந்தை அழுவுது பாருங்க.

சொல்றேன், இருங்க. நீங்க வேற எங்க போயி சொல்லப் போறீங்க. அந்தக் கூட்டத்துக்கு நாலு வருஷம் முன்னாடி. பழைய போயிங்கு எங்ககிட்ட இருந்த கடைசி மழைக்காலம். ரெமி சேர்ந்து ஒரு வருஷம் ஆகல. சென்னையிலேர்ந்து மதுரை, காலைல மொத விமானம். எனக்கு அது தொடர்ந்து அஞ்சாவது நாள், தினமும் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்தது. நான்தான் ஓட்டுறேன். மதுரைக்கு எறங்க ஆரம்பிச்சாச்சு, நல்ல மழை, வெளிய ஒண்ணும் தெரியல. நான் கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

எங்க தொழில்ல ஒரு விதி உண்டு தம்பி. ரெண்டு பேரு உக்காந்திருப்போம். ஒருத்தன் ஓட்டுவான், இன்னொருத்தன் பாத்துக்கிட்டே இருந்து கூப்பிட்டுச் சொல்வான். இவ்வளவு உயரம், இவ்வளவு வேகம்னு. ஓட்டுறவன் அதுக்குப் பதில் சொல்லணும். பதில் வரலைன்னா இன்னொரு தடவை கூப்பிடணும். ரெண்டாவது தடவையும் பதில் இல்லையா, அதுக்கு மேல யோசிக்கவே கூடாது. பக்கத்துல இருக்குறவன் செத்துட்டான்னே வச்சுக்கிட்டு கன்ட்ரோலைக் கையில எடுத்துரணும். அவன் கேப்டனா இருக்கட்டும், கம்பெனி முதலாளியா இருக்கட்டும். மூணாவது தடவை கூப்பிடுறதுங்கிறதே கெடையாது. எடுத்தவன் கீழ எறங்குனதும் நடந்ததை எழுதிக் குடுக்கணும்.

ரெமி கூப்பிட்டிருக்கான். "சார், ஆயிரம் அடி"ன்னு. அப்புறம் இன்னொரு தடவை. எனக்குக் கேக்கல. எனக்குக் கேட்டதெல்லாம் சக்கரம் தரையைத் தொட்ட சத்தம்தான். முழிச்சுப் பாக்குறேன், மழைத் தண்ணி ரெண்டு பக்கமும் வாரி அடிக்குது, மதுரை ரன்வேயில ஓடிக்கிட்டிருக்கோம். இருபத்து மூணு வயசுப் பய, நூத்துச் சொச்சம் பேரை அந்த மழையில தனியா எறக்கியிருக்கான்.

யோசிச்சுக்கிட்டிருந்தேன்னு சொன்னேன்ல, இல்ல. தூங்கிட்டேன். 

அவன் எழுதிக் குடுத்திருந்தா என் லைசென்ஸ் அன்னிக்கே போயிருக்கும். பதினொண்ணாம் நம்பரு, சங்கத் தலைவர், லண்டன் ரூட்டு, எதுவும் கெடையாது. அவன் எழுதல. விமானத்துல நடந்ததை எழுதுற புத்தகத்துல அந்த எடத்தைக் காலியா விட்டுட்டான். எல்லாரும் எறங்குனதுக்கப்புறம் என்னைப் பாத்து, "சார், நீங்க காபி சாப்பிடுங்க, நான் வெளிய விமானத்தைச் சுத்திப் பாத்துட்டு வந்துர்றேன்"ன்னுட்டு மழையில எறங்கிப் போனான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல, அவனும் எடுக்கல, நானும் எடுக்கல. நல்ல பய தம்பி. 

அதனாலதான் சொல்றேன், அவனைக் கைவிடக் கூடாதுன்னுதான் நானே கெளம்பி வர்றேன். தபால்ல அனுப்பியிருக்கலாம்ல? கம்பெனிக்காரங்க அதான் சொன்னாங்க. நான் போயி நேர்ல பேசுறேன், அவன் என் பேச்சைக் கேப்பான்னேன்.

கூப்பிட்டானாவா? யாரு, ரெமியா? பதினாலாம் தேதியா? 

அதான் சொன்னேனே, ஒரு வார்த்தை கேக்கலைன்னு. கேக்கல. கூப்பிட்டான், கேக்கல. என்னன்னா, அன்னிக்கு எனக்கு கிளாஸ் இருந்துச்சு. புதுசா சேர்ந்த பைலட்டுங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் நான் பாடம் எடுக்குறேன். போன் மேஜை மேல கெடந்துச்சு, அதிர்ந்துச்சு. ரெமின்னு பேரு வந்துச்சு. பாடம் நடத்துறப்ப போன் எடுக்கக் கூடாதுங்கிறது ஒழுக்கம். கவுத்து வச்சேன். கொஞ்ச நேரத்துல நின்னுச்சு. திருப்பியும் அதிர்ந்துச்சு. முன் வரிசையில ஒரு பொண்ணு, "சார், போன்"னுச்சு. கிளாஸ் நேரத்துல எடுக்குறதில்லம்மான்னேன்.

இல்ல, எதுக்குக் கூப்பிடுறான்னு எனக்குத் தெரியும். அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் ஆபரேஷன்ஸ்லேர்ந்து, விமானங்களை அனுப்புற ஆபீஸ்லேர்ந்து, ஒருத்தன் வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனான். ரெமி கேப்டன் முடியலைங்கிறாரு, உங்ககிட்ட பேசுறேன்னாரு, கொஞ்சம் சமாதானமா சொல்லுங்க சார்னு. எடுத்தா நான் என்ன சொல்லுவேன்? பறன்னு சொல்லணும், இல்ல பறக்காதேன்னு சொல்லணும். பறன்னு சொல்லி ஏதாவது ஆச்சுன்னா என் தலையில. பறக்காதேன்னா இந்த அட்டை இருக்காது. நீங்களா இருந்தா எடுத்திருப்பீங்களா?

மூணாவது தடவை அவன் கூப்பிடல. 

என்ன பாடமா? அன்னிக்கா? … அதுதான். நான் சொன்னேன்ல, அந்த விதிதான். ரெண்டு தடவை கூப்பிட்டுப் பதில் வரலைன்னா என்ன செய்யணும்னு போர்டுல எழுதிக்கிட்டிருந்தேன். ரெண்டாவது தடவை அந்தப் போன் அதிர்றப்ப என் கையில சாக்பீஸ் இருந்துச்சு.

…

என்ன தம்பி? கதவு திறந்துட்டாங்களா, எப்ப? பஸ்ஸே காலியாயிருச்சே. எல்லாரும் படிக்கட்டுக்குப் போயிட்டாங்களே. நீங்க ஏன் நிக்கிறீங்க? என்னைக் கூப்பிட்டீங்களா? ரெண்டு தடவையா? எனக்குக் கேக்கலையே. என் பை எங்க? நீங்க எடுத்துக்கிட்டீங்களா. சரி. சரியாத்தான் செஞ்சிருக்கீங்க.

தூங்கல தம்பி. இப்ப நான் தூங்கல. 

மதுரையில தூங்குனேன். தப்புதான், ஆனா தூங்குறவன் காதுல விழாது, அதுக்கு மன்னிப்பு உண்டு. அவன் மன்னிச்சான். பதினாலாம் தேதி நான் முழிச்சிருந்தேன். நல்லா முழிச்சிருந்தேன். பேரைப் படிச்சேன், படிச்சுட்டுக் கவுத்து வச்சேன். அவன் நான் கத்துக்குடுத்ததைச் செஞ்சான். ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு, இந்த ஆளு செத்துட்டான்னு வச்சுக்கிட்டுக் கையில எடுத்துட்டான். அதுக்கு அவனை வருந்துறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி, நான் சாட்சி போட்டு எடுத்துக்கிட்டு வர்றேன். வெக்கமா இருக்கு தம்பி. இவ்வளவு நேரம் உங்ககிட்ட என்னத்தையெல்லாம் பேசியிருக்கேன்.

பேனா இருக்கா? குடுங்க. அந்தக் கவரை எடுங்க. இந்தா, சாட்சின்னு இருக்குல்ல, இதை அடிச்சாச்சு. பின்பக்கம் வெத்தா இருக்கு. மதுரை, அந்தத் தேதி எனக்கு மறக்கல. "கேப்டன் தூங்கிவிட்டார். துணை விமானி இரண்டு முறை அழைத்தார். பதில் வரவில்லை." அவன் காலியா விட்ட எடத்துல இத்தனை வருஷமா இருக்க வேண்டிய வரி இது. கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அவன்கிட்ட குடுத்துர்றேன், கம்பெனிக்கு அனுப்புறதும் கிழிக்கிறதும் அவன் இஷ்டம். அட்டையைப் பிடுங்குனா பிடுங்கட்டும். பேனாவைக் கொஞ்ச நேரம் நானே வச்சுக்கிறேன், மீதியை மேல உக்காந்து எழுதுறேன்.

வாங்க, போவோம். பாத்து எறங்குங்க, படி உயரம். தரை எப்படிக் கொதிக்குது பாருங்க.

கொஞ்சம் நில்லுங்க. மேல பாருங்க, காக்பிட் ஜன்னல். இடது பக்கம் உக்காந்திருக்கானே, அவன்தான் கேப்டன். இப்பத்தான் வேற விமானத்துலேர்ந்து எறங்கி ஓடி வந்திருக்கான், சட்டையைப் பாத்தாலே தெரியுது. உள்ளங்கையால ரெண்டு கண்ணையும் அழுத்தித் தேய்க்கிறான் பாருங்க. திருப்பியும் தேய்க்கிறான். காலைலேர்ந்து எத்தனாவது ஓட்டமோ. போர்டுல என் நம்பர் இருக்கு. இவன் கூப்பிட மாட்டான், ரெமி கதையைக் கேட்டதுக்கப்புறம் எவன் கூப்பிடுவான்?

நான் மேல போயி அவன்கிட்ட கேக்கணும். முடியுமாப்பா, உள்ளதைச் சொல்லுன்னு. கேட்டு, முடியலைன்னு அவன் சொல்லிட்டான்னா, இன்னிக்கு நீங்களும் நானும் தூத்துக்குடிக்குப் போக மாட்டோம். இந்தப் பஸ்ல திருப்பி ஏத்துவாங்க, அந்தக் குழந்தை திருப்பி அழும், எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. பரவாயில்லையா தம்பி?

தம்பி, உங்களைத்தான் கேக்குறேன். பரவாயில்லையா?

சரி. ரெண்டு தடவை கேட்டாச்சு. வழி விடுங்க, நான் மேல போறேன்.